பின்பக்க நிபந்தனைகளுக்குச் சம்மதம்

அக்டோபர் 7, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் ஒரு பேரிங் வியாபாரி கொடுத்தது. ஒன்பது மாதமாகக் காலியாகக் கிடந்ததை இன்றுதான் திறக்கிறேன். ரகசியமான பொறுப்பு ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாதது நடக்காதது. பதினெட்டு வருடம் ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசராக இருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்.

விஷயம் இது. எங்கள் மோட்டார் பம்ப் கம்பெனியில் லேடீஸ் டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். பதினோரு மாதமாக இல்லையாம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாளாம். ஆய்வாளர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

எம்.டி. வரதராஜுலு கொதித்துப் போயிருக்கிறார். தாழ்ப்பாள் இல்லாததற்காக அல்ல, அது வெளியே தெரிந்ததற்காக. கம்பெனித் தகவலை வெளியாருக்குக் கொடுப்பது ஒழுங்கீனம் என்று எங்கள் நிலையாணையில் தெளிவாக இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லை என்பதும் தகவல்தானே. எழுதியவரைக் கண்டுபிடித்து வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று உத்தரவு. விசாரணை அதிகாரி நான்.

உடனே ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடட்டுமா என்று மெயின்டனன்ஸில் கேட்டார்கள். தடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை கதவு இருந்தபடியே இருக்க வேண்டும், அது சாட்சியம் என்றேன். எம்.டி. மெச்சினார்.

என் மேஜையின் மூன்றாவது இழுப்பறை மூட மாட்டேன் என்கிறது. பழைய தாள்கள் அடைந்து கிடக்கின்றன. தீபாவளிக்குப் பிறகு ஒழிக்க வேண்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

துரைக்கண்ணு என்பவர் வந்தார். ரிட்டையர்டு ஏட்டு. ‘மூன்றாங்கண் விசாரணை மையம்’ நடத்துகிறார். யாரைப் பற்றிக் கேட்டாலும் பத்து நாளில் அக்கம்பக்கம், பழக்கவழக்கம், போக்குவரத்து எல்லாம் எழுத்தில் கொடுத்துவிடுவாராம். இதற்கு முன் எத்தனை கம்பெனிக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கம்பெனிக்கு இதுதானுங் மொத. நம்முளுது பூராக் கல்யாண விசாரணை. எட்டாயிரம் வரன் பாத்துருக்கறனுங். ஒண்ணுகூட டைவர்ஸ் ஆனதில்லீங்.”

அனுபவம் எதில் இருந்தால் என்ன, அனுபவம்தானே.

கம்பெனி வக்கீல்தான் ஒரு முட்டுக்கட்டை போட்டார். ஒருவரின் சொந்த வாழ்க்கையைத் தோண்டி ரிப்போர்ட் வாங்குவதானால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டுமாம். எதற்காக, யார் மூலம் என்பதையும் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டு எப்படித் துப்பறிவது? ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

வழி கிடைத்துவிட்டது. குளிக்கும்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. வழக்கம்போல எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுப்போம், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம். இந்த வருடம் பதிவேட்டின் தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். “இனிப்புப் பெட்டி பெற்றுக்கொண்டேன். பின்பக்கம் கண்ட நிபந்தனைகளுக்குச் சம்மதம்.” பின்பக்கம் பதினான்கு நிபந்தனைகள். நானே எழுதினேன். எழுத்து சற்றுப் பொடியாக வந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம்.

வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. திருப்புளி எடுத்து நானே மாட்டினேன். ஐந்து நிமிடம். தனியாக இருக்கிற வீடுதான், ஆனாலும் தாழ்ப்பாள் போடாமல் குளிக்க மனம் ஒப்பவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

பொரி, சுண்டல், மாலை, சாம்பிராணி எல்லாம் அமர்க்களம். லேத் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தார்கள்.

மற்றவர்கள் தயங்கக் கூடாது என்று பதிவேட்டில் முதல் கையெழுத்தை நானே போட்டேன். இரண்டாவது எம்.டி.யின் மனைவி நிர்மலா அம்மாள். அவரும் ஒரு டைரக்டர். போன மாதம் விநாயகர் சதுர்த்தி பூஜைக்கு வந்தவர் பாதியில் முகம் சிவந்து கிளம்பிப் போய்விட்டார். பிரசாதம் பிடிக்கவில்லை போலும் என்று கேன்டீன்காரரைக் கண்டித்து வைத்திருந்தோம். இந்த முறை கடைசிவரை இருந்து தன் கையாலேயே பெட்டி கொடுத்தார்.

எல்லாம் நல்லபடி போனது, டெஸ்பாட்ச் கிளார்க் கோகிலவாணி வரும்வரை. அவர் பதிவேட்டைத் திருப்பினார். நின்று படித்தார். பின்னால் வரிசை நீண்டது. லாரி ரசீதை வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர், அதுதான் வினை.

“சார், ஒம்பதாவதுல அக்கம்பக்கத்துல விசாரிக்கலாம்னு போட்டுருக்குதுங். லட்டு வாங்கறதுக்கு எதுக்குங் அது?”

எல்லாம் ஒரு பார்மாலிட்டி என்றேன். அப்படியானால் எனக்குப் பெட்டி வேண்டாமுங் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போடவில்லை. குங்குமம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

நூற்று எண்பத்தாறு பேரில் ஒருவர்தான் கையெழுத்துப் போடவில்லை. எம்.டி. சிரித்தார். “பாத்தியா சென்னியப்பா, மடியில கனம் இருக்கறவதான் பின்பக்கம் படிப்பா. அவளைத்தான் மொதல்ல விசாரிக்கச் சொல்லு.”

மாலையில் ஒரு பெட்டி மிஞ்சியது. ‘திருமதி கோகிலவாணி, டெஸ்பாட்ச்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியது. மைசூர்பாகு நெய்யில் செய்தது, ஒரு நாள் போனால் காறிவிடும். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதிவேட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தால் தணிக்கையில் கேட்பார்கள். அதையும் ஒழுங்குபடுத்திவிட்டேன். அவர் பிறகு மனம் மாறிவிட்டதாக எம்.டி.யிடம் சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 12, சனி

துரைக்கண்ணு பதிவேட்டின் நகல் கேட்டார், சம்மதத்துக்கு ஆதாரமாக. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறேன்.

துணி தேய்க்கும் மாரக்காவிடம் நாலு சட்டை போட்டேன். மிச்சம் இருந்த இரண்டு துண்டு மைசூர்பாகோடு பெட்டியையும் கொடுத்தேன். அறுந்த பொத்தான் போட்டுவைக்க ஆகும் என்று வண்டியிலேயே வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

பத்து நாள் கழித்துக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. காலை முழுவதும் பிடித்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

முதல் கட்டு ரிப்போர்ட்டுகள் வந்தன. துரைக்கண்ணு தன்னிடமிருந்த அச்சடித்த பாரத்தையே பயன்படுத்தியிருக்கிறார். வேறு பாரம் இல்லையாம். ‘வரனின் பெயர்’, ‘நிறம்’, ‘குடும்பக் கவுரவம்’, ‘மாமியார் சுபாவம்’, கடைசியில் ‘முடிவு: பெண் கொடுக்கலாம் / எடுக்கலாம் / வேண்டாம்’. வைண்டிங் செக்‌ஷன் வெள்ளிங்கிரி மொட்டைக் கடுதாசி எழுதியிருப்பாரா என்ற கேள்விக்கு விடை, “மாநிறம். சிகரெட் உண்டு. இரண்டாந்தாரமாகக் கொடுக்கலாம்.”

எம்.டி.க்கு இது பிடித்திருக்கிறது. ஒருவனைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாரம் இல்லை என்கிறார். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு மணி நேரம் வாய்விட்டுச் சிரித்துப் படித்தார். கடுதாசி விஷயம் சற்று நேரம் மறந்தே போயிற்று.

அக்டோபர் 16, புதன்

கோகிலவாணியின் ரிப்போர்ட் வந்தது. மூன்று முறை படித்தேன். விசாரணை அதிகாரி கவனமாகப் படிக்க வேண்டும்.

அவர் கணவர் மஸ்கட்டில் இருப்பதாகத்தான் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இல்லையாம். ஆறு வருடமாகத் திருப்பூரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். பத்தாவது படிக்கும் மகளுக்கு இது தெரியாது. அவளும் அப்பா மஸ்கட்டில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதைச் சொன்னவர் மாடி வீட்டுக்காரர். நல்ல சம்பந்தம் அமையட்டும் என்ற எண்ணத்தில் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். “நல்ல பெண். அதிர்ந்து பேச மாட்டார். கணவன் கைவிட்டவர். மறுமணத்துக்கு எடுக்கலாம்.”

கடுதாசி பற்றி ஒரு வரியும் இல்லை.

வருத்தமான செய்திதான். சாயங்காலம் ஏனோ பஸ் ஏறாமல் வீடு இருக்கும் கணபதிவரை நடந்தே வந்தேன். வழியில் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்திருக்கிறேன் போல. பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அக்டோபர் 17, வியாழன்

கம்பெனி வாசலில் ரகளை. பவுண்டரி போர்மேன் பழனியாண்டியின் மனைவி பையும் கையுமாக வந்துவிட்டார். அவருடைய தெருவில் யாரோ போய்ப் பழனியாண்டியின் குணம் எப்படி, குடிப்பாரா, பெண் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஐம்பத்து நாலு வயதில் இன்னொரு கல்யாணம் கேட்கிறதா என்று அந்த அம்மாள் செக்யூரிட்டியைப் பிடித்துக் கேட்டார். பழனியாண்டி மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கல்யாணம் ஆகாத பையன்கள் எல்லாம் புதுச் சட்டையில் வருகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் தன் வீட்டுப் பக்கம் யாரோ விசாரித்துவிட்டுப் போன சந்தோஷம். உற்பத்தி கூடியிருக்கிறதாம். ரகசியம் காக்க வேண்டியிருப்பதால் நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

தேய்த்த சட்டை வாங்கப் போனபோது மாரக்கா சொன்னார்: “நேத்து ஒருத்தரு உங்களப் பத்திக் கேட்டாருங். வேலை எப்புடி, பழக்கம் எப்புடி, ஏன் இத்தன நாளாக் கட்டலைன்னு. நல்ல எடமாட்ட இருக்குதுங். நான் நல்லதாத்தான் சொன்னன்.”

எனக்கு நாற்பத்து மூன்று வயது. உடுமலையில் இருக்கும் சரோஜா அக்கா எனக்குப் பெண் தேடித் தேடி அலுத்து நாலு வருடம் ஆகிறது. போன் செய்து கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அப்படியானால் பெண் வீட்டிலிருந்தேதான் விசாரிக்கிறார்கள். அவர்களாகவே.

துரைக்கண்ணு ஆட்களாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. இருக்க முடியாது. பட்டியல் போட்டவனே நான், என் பெயரை நான் அதில் போடவில்லை.

யாராக இருக்கும்? ஊகிப்பது நாகரிகமில்லை. ஆனாலும் குங்குமம் மட்டும் எடுத்துக்கொண்டு போனாரே, அப்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

அக்டோபர் 19, சனி

எம்.டி. முடிவு செய்துவிட்டார். கணவன் விஷயத்தில் ஆறு வருடம் பொய் சொன்னவள் கடுதாசியும் எழுதுவாள் என்கிறார். கோகிலவாணியை சஸ்பெண்ட் செய்து, 26ஆம் தேதி விசாரணை வைத்து, தீபாவளிக்கு முன் அனுப்பிவிட வேண்டும். கடிதத்தை என்னை எழுதச் சொன்னார். நிலையாணைப்படி எழுதினேன். ‘தற்காலிகமாக’ என்ற சொல்லை நானாகச் சேர்த்தேன். கடிதம் அதனால் சற்று மிருதுவாக இருக்கிறது.

வேலை போய்விட்டால் கஷ்டம்தான், வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். இன்னொரு பக்கம் பார்த்தால், ஒரே கம்பெனியில் அதிகாரியும் ஊழியருமாக இருப்பது சில விஷயங்களுக்குத் தடை. அந்தத் தடை நீங்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

முடி வெட்டினேன். மீசைக்கு மட்டும் கறுப்பு அடித்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

புதுச் சட்டை போட்டுக்கொண்டுபோய்க் கடிதத்தை நேரில் கொடுத்தேன். கோகிலவாணி இரண்டு பக்கமும் படித்தார். பிறகு என்னையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மரியாதை காரணமாக இருக்கலாம். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, மேஜை மேல் இருந்த லாரி ரசீதுகளை அடுக்கி மேலே கல் வைத்துவிட்டுப் போனார்.

அவருடன் எப்போதும் டாய்லெட் வரை போய்வரும் பெண்ணுக்கு இன்று கதவு பிடிக்க ஆள் இல்லை என்று பேச்சு. என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

தண்ணீர் வந்தது. காதில் வலி. சொட்டு மருந்து.

அக்டோபர் 26, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

விசாரணை பதினொரு மணிக்கு எம்.டி. அறையில். எம்.டி., நான், கோகிலவாணி. அவர் மெலிந்திருந்தார். மேஜையில் ரிப்போர்ட், பதிவேடு, அன்று காலை துரைக்கண்ணு கொடுத்துவிட்டுப்போன கடைசிக் கட்டு உறை.

எம்.டி. கடுதாசியைப் பற்றிக் கேட்டார். கோகிலவாணி சொன்னார்: “மொட்டைக் கடுதாசி எனக்கு எதுக்குங்? நான் பேரு போட்டே மூணு தடவ எழுதிக் குடுத்தனுங், இந்த சார் கையில. சனவரி, மே, ஆகஸ்ட். ‘பாக்கலாம்’னு வாங்கி இழுப்பறைல வெச்சாருங்.”

எம்.டி. என்னைப் பார்த்தார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். ஆமாம், மூன்றாவது இழுப்பறைதான். மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. இந்த டைரியிலாவது அதை முன்பே எழுதியிருக்கலாம்.

எம்.டி. விடவில்லை. புருஷன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். கோகிலவாணி முகம் வெளுத்துவிட்டது. எம்.டி. ரிப்போர்ட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அந்த மாடி வீட்டுக்காரர் சொன்னது, திருப்பூர், மகளுக்குத் தெரியாது என்பது, எல்லாம். மறுமணத்துக்கு எடுக்கலாம் என்பதுவரை வாசித்தார். நான் மூன்று முறை படித்த அதே தாள்தான். பிறர் வாயில் கேட்கும்போது அது வேறாக இருந்தது.

கோகிலவாணி அழவில்லை. “இதுக்கு நான் சம்மதம் குடுக்கலீங்” என்றார்.

எம்.டி. பதிவேட்டைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினார். அவர் பெயருக்கு நேராகக் கையெழுத்து இருந்தது. கோகிலவாணி விரலை வைத்துப் பார்த்தார். “இது என் கையெழுத்து இல்லீங்.”

எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தேன்.

பொய்க்கு மேல் பொய் என்று எம்.டி. சத்தம் போட்டார். யார் சொல்வது உண்மை என்று இதில் பார்க்கலாம் என்று கடைசிக் கட்டைப் பிரித்தார். முதல் ரிப்போர்ட்டை எடுத்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வரிசை எண் ஒன்று. வரனின் பெயர்: சென்னியப்பன்.

துரைக்கண்ணு என் பட்டியலை முடித்துவிட்டு, ஜெராக்ஸ் பதிவேட்டில் பாக்கி இருந்தவர்களை எடுத்திருக்கிறார். முதல் கையெழுத்து என்னுடையது. முத்து முத்தாக நானே போட்டது.

எம்.டி. உரக்கப் படித்தார். “வயது 43. மீசைக்குச் சாயம். பக்கத்து வீட்டில் பேப்பர் வாங்கித் திருப்பித் தருவதில்லை. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், பார்க்க மாட்டார். மேற்படியார் துணி தேய்க்கக் கொடுக்கும் வண்டியில், அவர் தந்ததாக ஓர் இனிப்புப் பெட்டி உள்ளது. அதில் ‘திருமதி கோகிலவாணி, டெஸ்பாட்ச்’ என்று பெயர் ஒட்டப்பட்டுள்ளது. இருவருக்கும் தொடர்பு இருக்கலாம். முடிவு: பெண் கொடுப்பதற்கில்லை.”

பெண் வீட்டார் என்று யாரும் இல்லை. வந்ததெல்லாம் நான் அனுப்பிய ஆள். அந்த நேரத்திலும் என் மனசு அதைத்தான் முதலில் நினைத்தது. வெட்கமாக இருக்கிறது.

“ஓஹோ” என்றார் எம்.டி. “ரெண்டு பேரும் கூட்டா? இவ எழுதறது, நீ மறைக்கறது. வெளிய சொன்னா நாறிப்போகும் சென்னியப்பா. ரெண்டு பேரும் இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க.”

கோகிலவாணி என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். இன்னும் என்னவெல்லாம் பாக்கி இருக்கிறது என்று பார்ப்பதுபோல இருந்தது. நான் சொல்லிவிட்டேன். “தொடர்பெல்லாம் இல்லீங்க. அவங்க பெட்டி வாங்கலீங்க. நான்தான் எடுத்துட்டுப் போனேன். கையெழுத்தும் நான் போட்டதுதானுங்க.”

அவரைக் காப்பாற்றச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வீடு வந்ததிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். பதிவேட்டைத் தள்ளியபோது சொல்லியிருந்தால் அப்படி எழுதலாம். அப்போது இருமினேன். என் பெயர் சந்தி சிரிக்கப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தது.

எம்.டி.க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் கிடைத்த அடுத்த ரிப்போர்ட்டை இழுத்தார். வரிசை எண் இரண்டு. சத்தமாகத்தான் ஆரம்பித்தார். “வரனின் பெயர்: நிர்மலா அம்மாள். குணம்: அநியாயம் பொறுக்க மாட்டார். டிரைவர் சொன்னது: விநாயகர் சதுர்த்தி பூஜையன்று மேலே உள்ள டாய்லெட்டில் தண்ணீர் வராமல் கீழே லேடீஸ் டாய்லெட்டுக்குப் போய், அங்கே தாழ்ப்பாள் இல்லாமல்...” அங்கிருந்து வாய்க்குள் படித்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. வீட்டில் சொல்லியும் கணவர் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துக் காரை நிறுத்தச் சொல்லி, டிரைவரிடம் கொடுக்காமல் தானே இறங்கிப் போய், ஆய்வாளர் அலுவலகத்துப் பெட்டியில் ஒரு கவரைப் போட்டிருக்கிறார். முடிவு: இந்த இடத்தில் தாராளமாகப் பெண் எடுக்கலாம்.

எம்.டி. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதியவர் யார் என்று கண்டறிய இயலவில்லை, விசாரணை முடிந்தது, சஸ்பென்ஷன் ரத்து என்று எழுதச் சொன்னார். துரைக்கண்ணுவின் தொழில்திறன் போதாது என்றும் சேர்க்கச் சொன்னார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. அதையும் நானே தயார் செய்ய வேண்டும்.

வெளியே வந்ததும் கோகிலவாணியிடம் வேலை போகவில்லை, நல்லபடி முடிந்தது என்றேன்.

“எதுங் நல்லபடி?” என்றார். “எங்க தெருவுல வந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாட்டக் கேட்டுட்டுப் போயிருக்கறாங்க. எம் பொண்ணுகிட்ட எல்லாரும் சொல்லீட்டாங்க. அப்பா மஸ்கட்ல இருக்கறப்ப உனக்கு எதுக்கும்மா கல்யாணம்னு கேட்டா. லட்டுப் பதிவேடு வரைக்கும் எல்லாத்தையும் சொல்ல வேண்டியதாப் போச்சுங். அப்பாவப் பத்திப் பொய் சொன்னவ, இதையும் நீயே கையெழுத்துப் போட்டுத்தான் வரவெச்சிருப்பேங்கறா. அஞ்சு நாளா எங்கூடப் பேசறதில்லீங்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பார்க்கலாம் என்ற சொல்தான் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மாரக்காவிடம் பெட்டியைத் திரும்பக் கேட்டேன். பொத்தான்களைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார். அந்த நல்ல இடம் என்னாயிற்று என்று கேட்டார். அமையவில்லை என்றேன்.

அக்டோபர் 28, திங்கள்

தாழ்ப்பாள் கேட்டு இன்டென்ட் சீட்டுப் போட்டால் மெயின்டனன்ஸ், பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் என்று மூன்று கையெழுத்து வேண்டும். பொங்கல் ஆகிவிடும். வீட்டிலிருந்து திருப்புளி எடுத்துப்போய், வழியில் ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே மாட்டினேன். ஆறு நிமிடம். கதவு கொஞ்சம் இறங்கியிருந்ததால் ஒரு நிமிடம் கூட.

பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். நான் நகர்ந்ததும் ஒருத்தி தனியாக உள்ளே போனாள்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. இனிப்புப் பெட்டி கொடுத்தோம். பதிவேடு கிடையாது, கையெழுத்து கிடையாது. அப்படியும் முக்கால்வாசிப் பேர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

கோகிலவாணி பெட்டிக்கு வரவில்லை. சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார்.

“அந்த ஆயுத பூஜைப் பதிவேட்ட ஒருக்கா காட்டுங் சார்.”

எடுத்துக் கொடுத்தேன். தன் பெயர் இருந்த பக்கத்தைப் புரட்டினார். நான் போட்ட கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் கேட்டார். எடுத்துக் கொடுத்ததும் அதை என் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தார்.

“இத நான் போட்டேன், அவங்க போடலைன்னு கீழ எழுதிக் குடுங்.”

வக்கீலிடம் கேட்க வேண்டியிருக்கும், எம்.டி.யிடம் கேட்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு தாள் வெளியே போனால் என் வேலை இருக்காது. எதற்காக என்று மட்டும் கேட்டேன்.

“எம் பொண்ணு படிக்கறதுக்குங். நான் கையெழுத்துப் போடலைன்னு நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கறா. எழுத்துல இருந்தா நம்புவா.”

எழுதினேன். ‘மேற்கண்ட கையெழுத்து திருமதி கோகிலவாணி போட்டதல்ல. அவர் படித்துப் பார்த்து மறுத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நான் போட்டேன்.’ என் முழுப் பெயர், பதவி, தேதி, கையெழுத்து. கம்பெனி முத்திரையும் குத்தினேன்.

அவர் வாங்கி முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. மடித்து டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்துக்கொண்டு நாலரை பஸ்ஸுக்குப் போனார்.